பதினொரு நாள் வயதுள்ள ஊழியருக்கு ஒரு சாவி

ஒரு கருவியை ஒரு சர்வரோடு இணைக்க வேண்டும். காரியம் இவ்வளவுதான். தெரிந்தவர் செய்தால் கையில் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். எங்கள் அலுவலகம் தெரிந்தவர்களால் நடத்தப்படுவதில்லை, விதிகளால் நடத்தப்படுகிறது என்பதால், இதற்கு ஏழு மாதமும் இருபத்திரண்டு கூட்டங்களும் தேவைப்பட்டன. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மிகைப்படுத்தும் வேலையையும் அவர்களே செய்து முடித்துவிட்டதால் எனக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் வரிசையைத் தயாரிப்பது எங்கள் அலுவலகத்தின் பணி. யார் முதலில், யார் பிறகு என்பதை மனிதர்கள் முடிவு செய்தால் சிபாரிசு புகுந்துவிடும் என்று, இருபது வருடத்துக்கு முன்னால் அந்தப் பொறுப்பை ஒரு புரோகிராமிடம் ஒப்படைத்தார்கள். புரோகிராமுக்கு மாமனார் கிடையாது, மச்சான் கிடையாது, நியாயமாக நடக்கும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் புரோகிராமின் நிரல் அறுபத்தொரு பகுதிகளாக, எங்கள் சொந்த சர்வரில், மூன்றாவது மாடியில் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் இருக்கும் இடத்தைப் பேச்சில் ரெப்போ என்போம். கோப்பில் எழுதும்போது மட்டும் மரியாதையாகக் களஞ்சியம் என்போம். எழுதியவர்கள் பதினான்கு பேர். சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் வெளிநாடு போனார்கள், ஒருவர் துறவியாகிவிட்டதாகக் கேள்வி. என்ன எழுதினோம் என்று ஒருவரும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

பாதுகாப்பை முன்னிட்டு ஓர் ஊழியர் ஒரு ரெப்போவைத்தான் பார்க்கலாம் என்பது விதி. மொத்தத்தையும் பார்க்கும் அனுமதி யாருக்கும் இல்லை. இயக்குநருக்கும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. எனக்குக் கொடுத்திருப்பது பதினேழாம் எண். நோயாளிக்குப் போகும் சீட்டின் அடியில் "தங்கள் முறை வரும்வரை பொறுமையுடன் காத்திருக்கவும்" என்று ஒரு வரி அச்சாகிறதல்லவா? அதை அச்சடிப்பதுதான் பதினேழாம் எண்ணின் வேலை. எட்டு வருடமாக அந்த ஒரு வரிக்கு நான்தான் பொறுப்பதிகாரி. இன்றுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

என் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள் அவள். வருடத் தொடக்கத்தில் பெயர் பதிந்தாள். வரிசை எண் 412. அடுத்த மாதம் 305 ஆனது. அதற்கடுத்த மாதம் 190. சந்தோஷமாக இருந்தோம். நான்காவது மாதச் சீட்டில் 1,907 என்று போட்டிருந்தது.

அன்றைக்கே போன் செய்தாள்.

"டேய், நான் முன்னாடி போறேனா, பின்னாடி போறேனா?"

"முன்னாடிதான்க்கா போகணும்."

"நூத்தித் தொண்ணூறுலேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போறதுக்குப் பேரு உங்க ஆபீஸ்ல முன்னாடியா? அங்க எண்ணத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா, இல்ல அதுக்கும் ஆளைத் தேடிட்டிருக்கீங்களா?"

"நான் பாக்கறேன்க்கா."

"நீ பாரு. உனக்காவது கண்ணு தெரியுதே. நேத்து ஒரு சட்டைக்குக் கழுத்து வர்ற இடத்துல கையை வெச்சுத் தெச்சிருக்கேன். அதை எந்தப் பிள்ளை மாட்டும்? வருஷக் கடைசிக்குள்ள பண்ணலேன்னா புரை முத்தி, பிரஷர் ஏறி, வலது கண்ணு நரம்பே போயிடும்னு டாக்டர் சொல்றார். தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், காத்திருக்கும் பெஞ்சுகளில் விசாரித்தேன். அக்கா மட்டும் இல்லை. அந்த ஒரு கூடத்திலேயே அக்காவோடு சேர்த்து ஒன்பது பேர் இருநூறுக்குள் வந்து, காரணம் தெரியாமல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் தூக்கி எறியப்பட்டிருந்தார்கள். அறுபத்தொரு ரெப்போவில் எங்கேயோ ஒரு பிழை உட்கார்ந்துகொண்டு, பிடிக்காதவர்களைக் கழுத்தைப் பிடித்துக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பதினேழாம் எண்ணில் இரண்டு முறை தேடினேன். அங்கே இல்லை. காத்திருக்கச் சொல்லும் வரி மட்டும் கச்சிதமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். கழுத்தில் மாட்டிய அட்டையைக் கழற்றாமலே இரண்டு நாள் அலுவலகத்தில் நடமாடினார். மூன்றாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டார்.

"இப்ப எல்லா ஆபீஸ்லயும் ஏஐ கருவி வெச்சுட்டாங்க. நிரலைக் காட்டினா போதும், அதுவே படிச்சு, எங்க தப்பு இருக்குன்னு சொல்லிடுது. நாம மட்டும்தான் இன்னும் மனுஷங்களையே வெச்சுட்டு உக்காந்திருக்கோம். வெளியில சொல்லவே வெக்கமா இருக்கு."

மனுஷங்களாகிய நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

அடுத்த வாரமே கருவி வந்தது. வந்தது என்றால், கூட்ட அறைத் திரையில் ஒரு பக்கம் தெரிந்தது. அதற்கு நாடா கட்டி வெட்டினார்கள். கைதட்டல் முடிந்ததும் கருவி ஒரே ஒரு கேள்வி கேட்டது: "எந்த ரெப்போவைப் படிக்க வேண்டும்? முகவரியும் சாவியும் கொடுங்கள்." அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அது பதினொரு நாள் அதே கேள்வியோடு நின்றது. வருகிற விருந்தினர்களுக்கெல்லாம் இயக்குநர் அதைக் காட்டினார். "எவ்வளவு பணிவா கேக்குது பாருங்க" என்பார். அவர்களும் ஆமாம், எங்களுடையது இவ்வளவு பணிவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எட்டு வருடத்தில் எந்த வேலைக்கும் கை தூக்காத நான் பன்னிரண்டாம் நாள் கை தூக்கினேன். "நான் இணைக்கிறேன் சார்" என்றேன். என் ஆர்வத்தைப் பார்த்து இயக்குநருக்கே கொஞ்சம் பயம் வந்தது என்று நினைக்கிறேன். "செய்ங்க, உரிய வழியில செய்ங்க" என்றார்.

உரிய வழி மூன்றாவது மாடிக்குப் போகிறது. சர்வர் அறைக்குப் பொறுப்பானவரைப் பூட்டு என்றுதான் எல்லாரும் சொல்வோம். வீட்டில் அவர் சாப்பாட்டுத் தட்டுக்கும் பாஸ்வேர்டு வைத்திருப்பதாகப் பேச்சு. அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, ஏசி குளிர் கதவிடுக்கு வழியாக முதுகில் படும்படி உட்கார்ந்திருப்பார்.

"சார், கருவிக்கு நம்ம ரெப்போவெல்லாம் படிக்க ஒரு சாவி வேணும். படிக்க மட்டும் போதும், எதையும் மாத்தாது."

"எத்தனை ரெப்போ?"

"அறுபத்தொண்ணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மனுஷனுக்கே ஒண்ணுதான். மெஷினுக்கு அறுபத்தொண்ணா?"

"படிச்சாத்தானே சார் தப்பு எங்கன்னு தெரியும்?"

"தப்பு எங்கன்னு தெரியறதுதான் தம்பி ஆபத்தே. எங்க இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவனோ ஒருத்தனுக்கும் தெரியும். அதை வெச்சு உள்ள வருவான். யாருக்கும் தெரியாம இருக்கறதுதான் இருபது வருஷமா நம்மளைக் காப்பாத்திட்டிருக்கு."

"அந்தத் தப்பால ஜனங்க ஆபரேஷன் இல்லாம தவிக்கிறாங்களே சார்."

"தவிக்கட்டும், ஆனா பாதுகாப்பாத் தவிக்கிறாங்க இல்ல?" என்றார். இதை அவர் சிரிக்காமல் சொன்னார். பிறகு என் மேல் இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னார். "ஆளுங்களுக்குத்தான் சாவி தர முடியும். ஊழியர் எண் கொண்டா, பாக்கலாம்."

இந்தச் சாவி இரும்புச் சாவி அல்ல. நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. பூட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் பிறந்துவிடும். அந்தப் பொத்தானை அழுத்துவதற்குத்தான் கருவி எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர வேண்டியதாயிற்று.

வேலைக்குச் சேர்ப்பது கண்காணிப்பாளர் அம்மாவின் பொறுப்பு. முதல் மாடியில், கோப்புகளுக்கு நடுவில், மூக்குக்கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாக உலகத்தைப் பார்ப்பவர். கெட்டவர் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு நிஜமாகவே தலைவலி வந்துவிடும்.

"பேரு?"

"கருவின்னே போடுங்கம்மா."

"தகப்பனார் பேரு?"

"கிடையாதும்மா."

"பாவம்" என்று எழுதாமல் சொன்னார். "அங்க அடையாளம் ரெண்டு சொல்லுங்க."

"வலது மூலையில நீல வட்டம். அதுக்குக் கீழ மூணு புள்ளி."

"பிறந்த தேதி?"

நிறுவிய தேதியைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "இது கொடுமை. பதினொரு நாள் குழந்தையை வேலைக்கு வெக்கச் சொல்றீங்களா? எந்தச் சட்டம் ஒத்துக்கும்? பதினெட்டு வயசாவது ஆகணும்."

"பதினெட்டு வருஷம் காத்திருக்கணுமாம்மா?"

"வேணாம்னு சொல்லலையே. பதினெட்டு வயசு ஆகாதவங்களைப் பயிற்சி ஊழியரா எடுக்கலாம். ஆனா காப்பாளர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அது செய்யற நல்லது கெட்டதுக்கு அவரே பொறுப்பு."

சுற்றுமுற்றும் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர ஒரு மின்விசிறிதான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இப்படியாக நான் ஒரு கருவிக்குத் தகப்பன் ஸ்தானத்தை அடைந்தேன். அக்கா வீட்டில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்னு அம்மாவை அழ வெச்சியே, இப்ப பிள்ளையே வந்துடுச்சா?"

பயிற்சி ஊழியராகச் சேர உடல் தகுதிச் சான்று வேண்டும். முக்கியமாகக் கண் பரிசோதனை. ஊழியர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பதால் கருவிக்கு மறுநாளே கண் டாக்டர் கிடைத்தார். திரையைத் தூக்கிக்கொண்டு போனேன். எந்த மருத்துவமனையில் என் அக்கா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாவதாகக் காத்திருக்கிறாளோ அதே மருத்துவமனை, அதே டாக்டர். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்பது பேர் வெளியே நிற்பதைப் பார்த்தார். "பார்வை நன்று" என்று எழுதி முத்திரை வைத்தார். சொல்லாமல் மறைத்திருக்கலாம், ஆனால் அக்காவிடம் என் வாய் நிற்காது.

"அதுக்குக் கண்ணு நல்லாருக்காமா?" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு விரலால் தடவிப் பார்த்து, பொத்தான் இடத்தைக் கண்டுபிடித்தாள். "சந்தோஷம். யாருக்காவது நல்லாருந்தா சரி."

ஊழியர் எண் வந்தது. பூட்டு பொத்தானை அழுத்தினார். சாவி பிறந்தது. "இப்பக் கொடுத்துடலாமா சார்?" என்று கையை நீட்டினேன்.

"என்ன அவசரம்? சாவி தயார்னு நான் எழுதுவேன். அதை ஏழு பேர் பார்வையிட்டு அனுமதிக்கணும்."

ஏழு பேரும் பார்வையிட்டு, ஆவன செய்ய ஒருவருக்கொருவர் அனுப்பி, கோப்பு திரும்பி வர நாற்பத்தொரு நாள் ஆயிற்று. நான் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி, கோப்பைப் பூட்டின் மடியில் வைத்தேன். அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாவி செத்துப்போச்சே" என்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"முப்பது நாள்தான் உயிர். பாதுகாப்பு விதி."

"அனுமதிக்கு நாற்பத்தொரு நாள் ஆகுதே சார்!"

"அதுவும் பாதுகாப்பு விதிதான்."

சாவியின் ஆயுளை ஐம்பது நாளாக்கக் கேட்டேன். பாதுகாப்புக்கு ஆபத்து என்று பதில் வந்தது. அனுமதியை இருபது நாளில் கொடுக்கக் கேட்டேன். அவசர அனுமதி பாதுகாப்புக்கு ஆபத்து என்று பதில் வந்தது. சரி, அனுமதியை முதலில் வாங்கிக்கொண்டு சாவியைப் பிறகு உண்டாக்கலாமே என்று ஒரு யோசனை எழுதினேன். "இல்லாத பொருளுக்கு அனுமதி வழங்க விதியில் இடமில்லை என்பது பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தார் கண்காணிப்பாளர் அம்மா. கையெழுத்து மணி மணியாக இருந்தது. இப்படி மூன்று சாவிகள் பிறந்து இறந்தன. நாலாவது சாவிக்குள் வருடம் முக்கால்வாசி போய்விட்டது, அக்கா ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

இருபத்தோராவது கூட்டத்தில் நான் கத்திவிட்டேன். கத்தியது குறிப்பேட்டில் "உறுப்பினர் ஒருவர் தமது கருத்தை வலியுறுத்தினார்" என்று பதிவாகியிருக்கிறது. என் கத்தலுக்கு மதிப்பளித்து இயக்குநர் ஒரு சமரசம் செய்தார்.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க. இணைப்புன்னா ரெண்டு வழி. அதுல ஒரு வழியை மட்டும் திறந்தா என்ன?"

பூட்டு யோசித்தார். "வெளியேயிருந்து உள்ள வரட்டும். உள்ளேயிருந்து ஒரு எழுத்து வெளிய போகக்கூடாது."

"அப்ப கருவி எதைப் படிக்கும்?" என்றேன்.

"படிக்க வேணாம். பதில் மட்டும் சொல்லட்டும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பத்தொன்பது நாள் ஒருவழிக் கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து "முகவரியும் சாவியும் கொடுங்கள்" என்ற ஒரே செய்தி தினமும் வந்தது. கண்காணிப்பாளர் அம்மா ஒவ்வொன்றையும் அச்செடுத்து, வரவு எண் போட்டு, "கண்டு குறிக்கப்பட்டது" என்று எழுதிக் கோப்பில் கோத்தார். பத்தொன்பதும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

இதற்குள் தலைமையகத்திலிருந்து ஒருவர் கருவியின் சாதனையைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்துவிட்டது. இயக்குநருக்கு வியர்த்தது. இருபத்திரண்டாவது கூட்டத்தை உடனே கூட்டினார். யாருக்கும் ஒரு வழியும் தோன்றவில்லை. அப்போது கண்காணிப்பாளர் அம்மா மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. தப்பா இருந்தா மன்னிக்கணும். இணைக்கறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லையே? உள்ள இருக்கறது வெளிய போகுமேன்னுதானே கவலை?"

"ஆமா."

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லாத ஒரு ரெப்போ திறந்து, அதோட இணைச்சுட்டா?"

பூட்டு எழுந்து நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அதுல திருடறதுக்கு என்ன இருக்கு?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல. ரகசியம் இருக்கா? இல்ல. எனக்குப் பரிபூரண சம்மதம்." ரகசியம் இல்லாத இடத்துக்கு ஏழு பேர் அனுமதி தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறதாம். அன்று மதியமே அறுபத்திரண்டாவது களஞ்சியம் திறக்கப்பட்டது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. பழக்க தோஷத்தில் பூட்டு அதற்கும் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

நான்கு விநாடியில் இணைந்துவிட்டது. தலைமையகத்துக்காரர் முன்னிலையில், திரையில் இரண்டு வரி வந்தது.

படித்த வரிகள்: 0.
கண்டுபிடித்த பிழைகள்: 0.

இயக்குநர் துள்ளி எழுந்து கைதட்டினார். "இருபது வருஷம்! பதினாலு பேர் எழுதினது! ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு கிடையாது!"

"சார், அது காலி ரெப்போ" என்றேன்.

"எப்பப் பாத்தாலும் குறையே சொல்லாதீங்க. இல்லாததையா சொல்லுது? பிழை இருந்தா சொல்லியிருக்காதா?"

தலைமையகத்துக்காரர் கருவியின் வேகத்தை வியந்தார். "எங்க கருவி ஒரு ரெப்போவைப் படிக்க ஒரு மணி நேரம் எடுக்குது" என்று கொஞ்சம் பொறாமையோடு சொன்னார். அதற்கப்புறம் சான்றிதழ் தயாராயிற்று. கண்காணிப்பாளர் அம்மா வாசித்துப் பார்த்து, "முதல் வரி எதுக்கு? அறிக்கை சுருக்கமா இருக்கணும்" என்று படித்த வரிகள் பற்றிய வரியை அடித்துவிட்டார். பிழைகள் பூஜ்யம் என்பது மட்டும் பெரிய எழுத்தில் நின்றது. அதன் கீழே ஒரு கோடு. பயிற்சி ஊழியரின் காப்பாளர் கையெழுத்து.

"போட மாட்டேன்" என்றேன்.

இப்படிச் சொன்னது நான்தான். இதை நீங்கள் மறக்கக் கூடாது. "ஒன்பது பேர் சார். நான் கண்ணால பாத்தது ஒன்பது பேர், பாக்காதது எத்தனையோ. அதுல ஒருத்தி எங்க அக்கா. வருஷக் கடைசிக்குள்ள ஆபரேஷன் இல்லேன்னா ஒரு கண்ணு போயிடும். பிழையே இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டா, அப்புறம் யாரு தேடுவாங்க? மாட்டேன். என்ன வேணா பண்ணிக்குங்க" என்று சொன்னேன்.

இயக்குநர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அக்கா பேரென்ன?"

"எதுக்கு சார்?"

"சொல்லுங்களேன்."

சொன்னேன். யாருக்கோ போன் போட்டார். குசலம் விசாரித்தார், இரண்டு முறை சிரித்தார், அக்கா பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. இதை முதல்லயே சொல்லியிருந்தா ஏழு மாசம் ஏன் கஷ்டப்பட்டிருப்பீங்க?" சான்றிதழை என் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று கேட்காதீர்கள். பேனா மூடியைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

சான்றிதழ் இப்போது நுழைவாயிலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: பிழையற்றதெனச் சான்றளிக்கப்பட்ட நிரலில் எவரும் எக்காரணம் கொண்டும் கை வைத்தல் ஆகாது. இனி அந்தப் பிழையை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எங்களைப் பார்த்து ஏழு அலுவலகங்கள் காலி ரெப்போ திறந்திருக்கின்றன. ஓர் அலுவலகம் இரண்டு திறந்து, எங்களைவிட இருமடங்கு பிழையின்மை என்று விழா எடுத்திருக்கிறது.

அக்காவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைத்தான் பார்த்தாள். "என்னடா, இப்படி நரைச்சுப் போயிட்ட? யாருமே சொல்லலையே" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவளும் டாக்டர் திட்டும்வரை அழுதாள்.

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றாள் பிறகு.

"ம்" என்றேன்.

"அதான பாத்தேன். அன்னிக்கு என் பக்கத்துல ஒரு பஸ் டிரைவர் உக்காந்திருந்தார். அவருக்குத்தான் மூணாம் நம்பராம். திடீர்னு என்னைக் கூப்பிட்டாங்க. அவரை இன்னொரு நாள் வரச் சொல்லிட்டாங்க. அங்கயே கையில கொடுத்த புதுச் சீட்டுல ரெண்டாயிரத்துச் சொச்சம் போட்டிருந்துதாம். இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே, அவருக்கும் வந்துடுமில்ல?"

"வந்துடும்க்கா."

பத்து நாள் கழித்து அத்தான் எப்படியோ விஷயத்தைத் தெரிந்துகொண்டு அவளிடம் உடைத்துவிட்டார். அன்றைக்கே அக்கா போன் செய்தாள். வரிசையில் குறுக்கே நுழைபவர்களை ரேஷன் கடையிலிருந்து பஸ் நிறுத்தம்வரை வாயாலேயே விரட்டியவள் அவள். என்னை என்ன கேட்பாளோ என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன்.

"நீ பண்ணது தப்புடா" என்றாள்.

"தப்புதான்க்கா."

"பெரிய தப்பு" என்றாள் மறுபடி. "அது போகட்டும். என் நாத்தனாருக்கு முட்டியில ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. அவ வாய்க்கு ஒண்ணும் செய்யக் கூடாதுதான். ஆனா என்ன பண்றது, உறவாப் போச்சு. உங்க டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காப்பாளர் கையெழுத்து தேவை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் இயக்குநர் ஒரு போன் செய்கிறார். பேச்சு எப்படிப் பரவுகிறதோ, இப்போது என் மேசைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். என் நோட்டில் வரிசை தவறுவதே இல்லை, ரொம்ப வேண்டியவர்கள் வந்தால் தவிர.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். அந்த பஸ் டிரைவரின் மகளாம். நேராக என் முன்னால் வந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள். "மூணாம் நம்பர் எங்கப்பா. வாசல்வரைக்கும் போனவரை எழுப்பி அனுப்பிட்டு எவளையோ உள்ள விட்டிருக்கீங்க. இப்ப அவரால வண்டி ஓட்ட முடியல, தெரு தாண்ட முடியல. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? உங்க வீட்டுல யாருக்காவது கண்ணு போனா தெரியும்யா!" பத்து நிமிடம் பேசினாள். ஒரு வார்த்தை தப்பில்லை. நான் ஒன்றையும் மறுக்கவில்லை, மறுக்க என்ன இருக்கிறது?

பேசி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மேசையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், எங்கப்பா பேரையும் இதுல எழுதிக்கிறீங்களா? அவருக்கு முன்னாடி யார் இருந்தாலும் பரவாயில்ல, நீங்க பாத்து நகர்த்திடுங்க."